சொல்லுக்கு எசமான் யார்? – அலிஸ் கதையின் மொழிக்கூறுகள் பற்றிய ஒரு நோக்கு

கதையொன்றினைக் கொடுத்து, அதன் மொழிக்கூறுகளை இனங்காண்க என வினவுவது நமது தமிழ்ப் பாடத்தின் வழமையாகும். உவமை இது, சிலேடை இது, விளி இது எனப் பட்டியலிட்டதும் மாணவரின் பணி முடிந்துவிடுகின்றது. அக்கூறு யார் யாரிடம் பேசும்பொழுது தோன்றிற்று, அதனாற் பயன்பெற்றவர் யார் என்னும் வினாக்கள் எழுவதில்லை. சிறுவர் அற்புதக் கதைகளுட் செவ்வியல் நிலை எய்திய அலிஸ் கதையைக் கொண்டு அவ்வினாக்களை இங்கு எழுப்ப முயல்வோம். லூயிஸ் கரோல் என்னும் புனைபெயருக்குரிய சார்ள்ஸ் டொட்ஜ்சன் ஒக்ஸ்போர்ட்டிற் கணிதம் கற்பித்தவர். அவரது 'அற்புத உலகில் அலிஸ்' 1865 இலும், அதன் தொடர்ச்சி 1871 இன் இறுதியிலும் வெளிவந்தன.

முதலாவது கூறு சிலேடை. ஆங்கிலத்திற் கதையையும் வாலையும் குறிக்கும் சொற்கள் ஒரே ஒலியின. எலி தன் கதையைக் கூற, அலிஸ் அதன் வாலை நினைத்துக்கொள்கிறாள். அச்சிலும் அவ்வரிகள் வால்போல் வளைந்து செல்கின்றன. காளமேகத்தின் சிலேடையிற் புலவர் ஒருவரே இரு பொருளையும் ஆள்கின்றார். கரோலிடத்திலோ இருவர் ஆளுக்கொரு பொருளைப் பற்றிநின்று பிணங்குகின்றனர்.

இரண்டாவது கூறு நையாண்டிப் போலி. 1715 இல் ஐசாக் வாட்ஸ் சிறுவர்க்கென வெளியிட்ட செய்யுள்களுள் ஒன்று தேனீயை உழைப்பின் இலட்சியமாகக் காட்டுவது. அதனை ஒப்புவிக்க முனையும் அலிஸின் வாயிலிருந்து, சின்ன மீன்களைப் புன்னகையோடு வாய்க்குள் வரவேற்கும் முதலை வெளிப்படுகிறது. ஆலைகளிற் சிறுவர் உழைத்துக்கொண்டிருந்த இங்கிலாந்தில் இம்மாற்றம் வெறும் வேடிக்கையாக அமைந்துவிடாது.

மூன்றாவது கூறு முன்னிலை வழக்கு. முயல், அலிஸைத் தன் வேலைக்காரி எனக் கருதி அதட்டி ஏவுகிறது. ஆங்கிலத்தின் ஒரே முன்னிலைச் சொல் அந்த ஏற்றத்தாழ்வை ஓரளவு மறைக்கின்றது. தமிழாக்குபவரோ நீ, நீர், நீங்கள் என்பவற்றுள் ஒன்றைத் தெரிந்தே ஆகவேண்டும். தெரிந்ததும் வர்க்க உறவு வெளிப்பட்டுவிடும். இதே அலிஸ், தான் சிறிய வீட்டிலே விளையாட்டுப் பொருள்களின்றி வாழும் மேபலாக மாறிவிட்டேனோ என அஞ்சுபவள் என்பதும் மனங்கொள்ளத்தக்கது. ஆசிரியரின் வர்க்கச் சார்பை மீறியும் யதார்த்தம் படைப்பிற் புலப்படலாம் என 1888 இல் பல்சாக்கை முன்னிறுத்தி ஏங்கெல்ஸ் கூறியது இங்கும் பொருந்துவதாகும்.

நான்காவது கூறு பொருள் மாற்றம். தொடர்ச்சி நூலில் வரும் ஹம்ப்டி டம்ப்டி, ஒரு சொல்லுக்குத் தான் விரும்பும் பொருளே பொருள் எனச் சாதிக்கிறான். அது இயலுமா என அலிஸ் ஐயுற, எசமான் யார் என்பதே கேள்வி என்கிறான்.

மாங்குளத்திலிருந்து இப்பகுதியை வாசிக்கும் நமக்கு இது அற்புதமாகத் தோன்றுவதில்லை. 2008 நவம்பரில் இவ்வூரை இராணுவம் கைப்பற்றியது. கிழக்கே இடம்பெயர்ந்த வன்னி மக்கள் செல்வீச்சுக்கு உள்ளான நிலம் 'பாதுகாப்பு வலயம்' எனப்பட்டது. போர் 'மனிதாபிமான நடவடிக்கை' ஆயிற்று. எஞ்சியோர் அடைக்கப்பட்ட, முட்கம்பி சூழ்ந்த மெனிக் பாம் முகாம் 'நலன்புரி' என்னும் பெயர் தாங்கி, 2012 செப்ரெம்பர் வரை நீடித்தது. மறுபுறத்தே, வீடுகளிலிருந்து பிள்ளைகளைப் பிடித்துச்சென்ற கட்டாய ஆட்சேர்ப்பும் விடுதலையின் சொற்களாலேயே நியாயப்படுத்தப்பட்டது. இரு தரத்தாரும் சொல்லுக்கு எசமானராக இருந்தனர். சொல்லின் சுமையைத் தாங்கியோர் மக்கள். அம்மக்களோ 'பங்கர்', 'கிபிர்' எனத் தம் அனுபவத்துக்கு உரிய சொற்களைத் தாமே வழக்காக்கிக்கொண்டனர் என்பதையும் குறிப்பிடல் வேண்டும்.

அற்புத உலகின் இறுதியில் ஒரு வழக்கு விசாரணை நிகழ்கிறது. தீர்ப்புக்கு முன்னரே தண்டனை வேண்டும் என்கிறாள் இராணி. அலிஸ் மறுத்து, நீங்கள் வெறும் சீட்டுக்கட்டுத்தானே என்கிறாள். அக்கணமே அவ்வுலகம் குலைகிறது. நிஜ உலகின் அதிகாரம் ஒரு சொல்லாற் குலைவதன்று. ஆயினும், அதன் சொற்களை ஐயுறப் பழகுதல் முதற்படியாகும்.

எனவே, மொழிக்கூறுகளை இனங்காண்க என்னும் வினாவை நாம் கைவிட வேண்டியதில்லை. அதனை நிறைவாக்க வேண்டும். சிலேடையைக் கண்ட மாணவர், இரு பொருளுள் எது வென்றது, ஏன் வென்றது எனவும் எழுதட்டும். 2009 இன் பின்னர் பிறந்த வன்னிச் சிறுவருக்கு, தம் பெற்றோர் அடைபட்டிருந்த இடத்தின் பெயரைப் படித்து அதன் பொருளை உசாவும் ஆற்றலை இப்பயிற்சி அளிக்குமாயின், இலக்கியக் கல்வி தன் கடமையைச் செய்ததாகும்.