இன்டெல் நினைவக வரிசை விதியில் ஒரு தொடர்த் திருத்தமும் அதன் விளைவும்

முன்னுரை

பல செயலிகள் ஒரே நினைவகத்தைப் பகிரும் கணினியில், ஒரு செயலி எழுதிய மதிப்புகள் பிற செயலிகளுக்கு எவ்வரிசையில் புலப்படும் என்பதை உற்பத்தியாளரின் கையேடே வரையறுக்கிறது. கம்பைலர் அமைப்போரும் இயங்குதளம் எழுதுவோரும் அவ்வரையறையை நம்பியே நிரல் எழுதுகின்றனர். ஆதலின் கையேட்டின் ஒரு தொடரில் நேரும் பிழை வெறும் அச்சுப்பிழை ஆகாது. இன்டெல் நிறுவனம் 2007 ஆகஸ்டில் வெளியிட்ட நினைவக வரிசை அறிக்கையின் ஒரு விதியையும், அது திருத்தப்பட்ட முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

விதியும் வன்பொருளும்

அவ்வறிக்கையின் விதிகளுள் நான்கு இங்கு வேண்டுவன. வாசிப்புகள் தம்முள் இடம் மாறா. எழுதல்களும் தம்முள் இடம் மாறா. ஒரு வாசிப்பு, தனக்கு முன்னுள்ள, அதே இடத்திற்கான எழுதலை முந்தாது. ஓரிடத்திற்கான எழுதல்கள் அனைத்திற்கும் பொதுவான ஒரே வரிசை உண்டு.

க, ச என்னும் இரு நினைவக இடங்களும் தொடக்கத்தில் 0 எனக் கொள்வோம். முதற்செயலி க-வில் 1 எழுதி, க-வை வாசித்து, பின் ச-வை வாசிக்கிறது. இரண்டாம் செயலி ச-வில் 2 எழுதி, பின் க-வில் 2 எழுதுகிறது. முதற்செயலி வாசித்தவை முறையே 1, 0. இறுதியில் க-வின் மதிப்பு 1. இவ்விளைவு கூடுமா?

விதிகளின்படி கூடாது. இறுதி மதிப்பு 1 ஆதலின், க-வில் 2 எழுதியது முந்தியது. ச-வில் 2 எழுதியது அதற்கும் முந்தியது. எனவே ச-வைப் பின்னர் வாசித்த முதற்செயலி 2 என்றே காணவேண்டும்.

ஆயினும் உண்மையான செயலிகளில் இவ்விளைவு காணப்பட்டது. காரணம் எளிது. செயலி எழுதும் மதிப்பு உடனே நினைவகம் சேராமல், அச்செயலிக்கே உரிய இடையகத்தில் காத்திருக்கிறது. முதற்செயலி தன் இடையகத்திலிருந்தே 1-ஐ வாசித்துவிடுகிறது. ச-வை நினைவகத்திலிருந்து 0 என வாசிக்கிறது. அதன்பின் இரண்டாம் செயலியின் இரு எழுதல்களும் நினைவகம் சேர, காத்திருந்த 1 கடைசியாகச் சேர்கிறது. வன்பொருள் பிழைபடவில்லை, அதைப் பற்றிய உரையே பிழைபட்டது. அவ்வறிக்கையை அடியொற்றிப் பீட்டர் சூவெல் முதலான ஆய்வாளர்கள் கணித முறையில் அமைத்த முதல் மாதிரியும் இதனால் பொருந்தாதாயிற்று.

திருத்தம் விட்ட இடைவெளி

2008 இறுதியில் வந்த கையேட்டுப் பதிப்பு இதனைச் சீர்செய்ய முயன்றது. எந்த இரு எழுதல்களையும், அவற்றைச் செய்த செயலிகள் தவிர்ந்த ஏனையவை ஒரே வரிசையில் காணும் என்பது புதிய விதியின் கருத்து. 'தவிர்ந்த' என்னும் ஒரு விலக்கால் மேற்கண்ட விளைவுக்கு இடம் கிடைத்தது. ஆனால் எழுதிய செயலிகள் தாம் என்ன காணும் என்பது சொல்லப்படாமல் போயிற்று.

ஒரு செயலி க-வில் 1 எழுதிப் பின் அதையே வாசிக்கிறது. மற்றது 2 எழுதி வாசிக்கிறது. முன்னது 2 எனவும் பின்னது 1 எனவும் காணுமாயின், ஒவ்வொன்றும் மற்றதன் எழுதலே பிந்தியது எனக் கொள்கிறது. இடையகம் கொண்ட எந்திரத்தில் இது நிகழ இயலாது. எனினும் திருத்திய விதி எழுத்தளவில் இதை விலக்கவில்லை. முன்னைய விதி நிகழ்வதை மறுத்தது. பின்னைய விதி நிகழாததைத் தடுக்க மறந்தது. பின்னையதே சிறிய குற்றம் என்பது இக்கட்டுரையாளர் கருத்து: தேவையற்ற தடைக் கட்டளை நிரலை மெதுவாக்கும், தேவையான தடை விடுபட்டாலோ நிரலே பிழைபடும்.

சூவெல் குழுவினர் 2009-இல் முன்வைத்த எக்ஸ்86-டிஎஸ்ஓ என்னும் மாதிரி, விதிகளை அடுக்காமல் ஒரு கற்பனை எந்திரத்தையே விவரித்தது: செயலிக்கு ஒன்றாக வரிசை மாறாத இடையகம், பொதுவான நினைவகம், ஒரு பூட்டு. அதில் முதல் எடுத்துக்காட்டு நிகழும், இரண்டாவது நிகழாது.