'எம்டி' என்றொரு சொல்
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

எங்கள் திருவொற்றியூரில் எழுத்தறியாதவரும் அறிந்த ஆங்கிலச் சொல் 'எம்டி'. துறைமுகத்திற்குக் கண்டெய்னர் லாரி ஓட்டும் என் தந்தை, சரக்கில்லாத பெட்டியை ஏற்றிய நாளில், "இன்னைக்கு எம்டிதான்டா" என்பார். 1983-இல் சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னர் முனையம் தொடங்கியபின், பெட்டிகளோடு இச்சொல்லும் எங்கள் தெருக்களில் ஊன்றிவிட்டது.

முதலாண்டு ஆங்கில வகுப்பில் நானும் 'எம்டி' என்றே படித்தேன். வகுப்பே சிரித்தது. 'எம்ப்டி' என்று திருத்தப்பட்டேன். அன்று மாலை நூலகத்தில் அகராதிகளைப் புரட்டியதன் பயனே இக்கட்டுரை.

பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லில் 'ப்' ஒலியே இல்லை! 'ம்' என்று மூடிய இதழ்கள் 'ட்' என்பதற்காகத் திறக்கையில், இடையே 'ப்' தானாகப் பிறந்தது. பின்னர் எழுத்திலும் ஏறிற்று. இன்றும் ஆங்கிலேயர் பலர் பேச்சில் அதை அழுத்துவதில்லை. இச்சொல்லின் பழம்பொருள் ஓய்வாக, வேலையின்றி இருத்தல் என்பதாம். நம் 'சும்மா' இதற்கு நல்ல இணை: "அவன் சும்மா இருக்கிறான்", "வீடு சும்மா கிடக்கிறது".

வெறுமையைக் குறிக்கும் சொற்கள் எல்லாம் ஒன்றல்ல. பாத்திரமும் பையும் லாரியும் 'எம்டி', பணியிடமோ 'வேகன்ட்'. எனவேதான் தொழிற்சாலை வாயிலில் 'நோ வேகன்சி' என்று பலகை தொங்குகிறது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, சட்டத்தால் நிறைவேற்ற இயலாத உடன்பாடு 'வாய்ட்', அதாவது செல்லாதது. காற்றுமற்ற இடம் 'வேக்குவம்'. 1643-இல் டாரிசெல்லியின் பாதரசக் குழாயின் உச்சியில் உண்டானது அதுவே. தமிழிலும் வெறும் வயிறு, வெற்றுத்தாள், பாழ்மனை, காலியிடம் என ஒவ்வொன்றும் தன்னிடத்திலேயே பொருந்தும்.

அப்படியானால் தந்தையின் பெட்டி உண்மையில் எம்டியா? இருபதடிப் பெட்டியின் கொள்ளளவு சுமார் 33 கன மீட்டர். ஒரு கன மீட்டர் காற்றின் நிறை ஏறத்தாழ 1.2 கிலோ. ஆகவே, உள்ளே சுமார் 40 கிலோ காற்று இருக்கிறது! இரும்புப் பெட்டியோ தனியே இரண்டு டன்னுக்கு மேல்.

தந்தையிடம் கணக்கைச் சொன்னேன். "அந்த நாற்பது கிலோவுக்கு எவன்டா வாடகை தருவான்?" என்று சிரித்தார். பிறகு, "எம்டின்னு நான் சொல்றது தப்பில்லையா?" என்று மெல்லக் கேட்டார்.

"தப்பே இல்லப்பா" என்றேன்.

நண்பர்களே, படிக்காதவர் நாவில் வழங்கும் சொல்லைக் கேட்டுச் சிரிக்குமுன் அகராதியை ஒருமுறை புரட்டுவோம்.