சாந்து காணாத சுவர்

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலை ஏறி, அரியூர் நாட்டின் வழியே போகிறவர்கள், அருவியையும் அறப்பளீசுவரரையும் தரிசிக்கும் அவசரத்தில், சரிவில் படிப்படியாக இறங்கும் வயல்களைத் தாங்கி நிற்கும் கல் வரப்புகளைக் கண்டும் காணாதவர்களாகத் திரும்பிவிடுகிறார்கள். சுண்ணாம்பும் சிமெண்டும் தொடாமல், கல்லின் கனத்தையும் அதை அமர்த்தும் கையின் பக்குவத்தையுமே நம்பி எழுவது இந்தக் கட்டு.

அடியில் பெருங்கல் கிடக்க, இரு கற்கள் சேரும் இடுக்கின்மேல் மூன்றாவது கல்லின் நடுவயிறு படிய, உயர உயரச் சுவர் மேட்டுப்பக்கம் சற்றே சாய, முதுகுப்புறம் சில்லுக்கற்களை இட்டு நிரப்பிவிட்டால், மழைநீர் மண்ணை உள்ளேயே விட்டுவிட்டுத் தான்மட்டும் கசிந்து வெளியேறும். ஆனால் என் மனத்தைக் கவர்ந்த விஷயம் வேறு. இந்த வித்தை தனியொருவனுக்கு வசப்படுவதில்லை. கடப்பாரையிட்டுப் புரட்ட இருவர் வேண்டும். கல் அமரும் கணத்தில் சில்லு செருக ஒருவர் வேண்டும். எட்ட நின்று சாய்மானம் பார்க்க ஒரு மூத்தவர் வேண்டும். மேற்படி சரிந்தால் கீழ்ப்படிக்காரரின் பயிரும் புதையுமாதலால், அவர் அழைப்புக்குக் காத்திராமல் கல்லெடுக்க வந்து நிற்கவேண்டியவராகிறார்.

சிமெண்டுச் சுவர் விரைவில் முடியும், பழுது குறைவு என்போர் வாதத்திலும் நியாயமுண்டு. எனக்குள்ள அச்சமோ அந்தப் பழுதின்மையைப் பற்றியதுதான். சரியாத சுவர் பக்கத்து வயல்காரரை ஒருநாளும் அழைப்பதில்லை! சாமையும் தினையும் விளைந்த சரிவுகள் பலவற்றில் மரவள்ளி பரவிவிட்டது; இளைஞர்கள் பிழைப்புக்காகச் சமவெளிக்கு இறங்குகிறார்கள்; கல்லுக்கு முகமெது முதுகெது என்று சொல்லத் தெரிந்த மூத்தவர் இருந்தும், கேட்டுக்கொள்ளப் பக்கத்தில் ஒரு கை இல்லாத நிலை வந்துவிடுமோ என்று மனம் பதைக்கிறது.

பிரிட்டனில் 1968-லேயே இக்கலைக்கென்று ஒரு சங்கம் தோன்றிப் பயிற்சியும் போட்டியும் நடத்தி வருகிறது. குரோஷியா, கிரீஸ், இத்தாலி உள்ளிட்ட 8 நாடுகளின் கல்லடுக்கும் கலையை யுனெஸ்கோ 2018-ல் மானிட குலத்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நம் மலையில் சங்கத்துக்குக் கட்டடமும் வேண்டாம், பட்டயமும் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சரிந்த வரப்பைத் தை பிறக்கும்வரை எடுத்துக் கட்டாமல் வைத்திருந்து, பொங்கலுக்கு மலையேறி வரும் பிள்ளைகளைச் சில்லு பொறுக்கவேனும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று அங்குள்ள பெரியவர்களை நான் வேண்டிக்கொள்கிறேன்.