பெயர் மாறும்வரை பாக்கியைக் கொடுக்காதீர்கள்

தாம்பரத்திலும் சேலையூரிலும் பழைய ஜாகுவாரோ மினி கூப்பரோ வாங்கிவிட்டு, ஆறு மாதம் கழித்து யோசனை கேட்டு வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். எல்லோர் கையிலும் ஒரே காகிதங்கள்: தேதி எழுதாமல் முன் உரிமையாளர் கையெழுத்து மட்டும் போட்ட பெயர் மாற்றப் படிவங்கள், அதாவது படிவம் 29, படிவம் 30. “எப்ப வேணும்னாலும் பேர் மாத்திக்கலாம் சார்” என்று புரோக்கர் சொன்னாராம். இப்போது அந்த உரிமையாளர் போனை எடுப்பதில்லை.

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 50-இன்படி விற்றவர் 14 நாளுக்குள் தகவல் தர வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். விற்பவர்களும் கேளுங்கள்: நவீன் குமார் வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம், விபத்து இழப்பீட்டுக்கு ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்றது. வண்டி பல கை மாறியிருந்தும் அவர் தப்பவில்லை.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் வண்டியின் பிறப்பைப் பாருங்கள். ஜாகுவார் இந்தியாவில் முறைப்படி விற்பனைக்கு வந்தது 2009-ல். அதற்கு முந்தைய வண்டி என்றால் தனியாக இறக்குமதி ஆனது. சுங்கத்துறையின் பில் ஆஃப் என்ட்ரி நகலைக் கேளுங்கள். பொது விதிப்படி, தயாரித்து 3 ஆண்டு தாண்டிய பழைய காரை இறக்குமதி செய்ய முடியாது. தேதிகள் பொருந்தவில்லையா, விலகிவிடுங்கள். பூடான் வழியாகக் கடத்திவந்து, போலிப் பத்திரங்களில் வெளிமாநிலப் பதிவு வாங்கியவை என்ற சந்தேகத்தில் 2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத்துறை பறிமுதல் செய்த கார்களில் லேண்ட் ரோவர் டிஃபெண்டரும் உண்டு. காசு கொடுத்து வாங்கியவர்கள்தான் நீதிமன்றம் ஏறினார்கள்.

வயதையும் கணக்கிடுங்கள். 15 ஆண்டு முடிந்தால் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இறக்குமதி காருக்கு அந்தக் கட்டணம் 40,000 ரூபாய்; 20 ஆண்டு தாண்டினால் 80,000.

முடிச்சூரும் வரதராஜபுரமும் 2015-ல் வெள்ளத்தில் மூழ்கியதை நாம் மறக்கக் கூடாது. ஸ்போர்ட்ஸ் கார் தரையோடு தரையாக ஓடுவது; வெள்ளநீர் எளிதில் உள்ளே புகும். கால்மிதியைத் தூக்குங்கள், ஸ்டெப்னி குழியைப் பாருங்கள், சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். சேற்றுக்கோடு தெரிந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

இனி ஆர்.டி.ஓ. அலுவலகம். விண்ணப்பம் உங்கள் வீட்டு முகவரியைப் பொறுத்தது: தாம்பரம் (டி.என். 11), மீனம்பாக்கம் (டி.என். 22), சோழிங்கநல்லூர் (டி.என். 14). பரிவாகன் தளத்தில் பதிந்து கட்டணம் கட்டுங்கள். படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30, அசல் ஆர்.சி., நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்று, முகவரிச் சான்று, பான் நகல் வேண்டும். கடன் இருந்தால் வங்கிக் கடிதத்தோடு படிவம் 35 கொடுத்து, ஆர்.சி.யில் உள்ள எச்.பி. என்ற கடன் பதிவை ரத்து செய்யுங்கள். வெளிமாநில வண்டிக்குப் படிவம் 28-இல் என்.ஓ.சி. இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். இங்கே ஆயுள் வரியும் புது எண்ணும் தனிச் செலவு. சேசிஸ் எண்ணை வண்டியிலேயே படித்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். கவுன்டரில் “புரோக்கரைக் கூட்டிட்டு வாங்க” என்று விரட்டினால் நகராதீர்கள். உங்கள் மனுவில் என்ன குறை என்று எழுதித் தரச் சொல்லுங்கள்; அது உங்கள் உரிமை.

வண்டி கைமாறிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் மாற்றுங்கள். இல்லையென்றால் உங்கள் வண்டியின் சேதத்துக்குப் பணம் கிடைக்காது.

பழைய கார் விற்கும் கடைக்காரரிடம் படிவம் 29பி அங்கீகாரச் சான்றைக் கேளுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அது கட்டாயம். அவர் ஏமாற்றினால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். 2 ஆண்டுக்குள் செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம்.

திரும்பவும் சொல்கிறேன்: கையெழுத்துப் போட்ட வெறும் படிவம் உங்களை உரிமையாளர் ஆக்காது. விலையில் ஒரு பகுதியைக் கையில் நிறுத்தி வையுங்கள். உங்கள் பெயர் அச்சான ஆர்.சி. வந்த அன்று அதைக் கொடுங்கள்.