பொய்க்கால் குதிரையும் மெய்க் குதிரையும்

தஞ்சையில் பொய்க்கால் குதிரை ஆட்டம் பார்த்திருக்கிறீர்களா? ஆடுபவர் ஒரு கணமும் சும்மா நிற்பதில்லை. நிற்கவும் முடியாது! காலில் கட்டிய கட்டையின் அடிப்பாகம் மிகச் சிறியது. உடலின் ஈர்ப்பு மையத்திலிருந்து இறங்கும் செங்குத்துக்கோடு அந்தச் சிறு இடத்தை விட்டு விலகினால் ஆள் சாய்வார். ஆகவே சாயும் பக்கமாகக் கட்டையை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருக்கிறார்.

மெய்க் குதிரையில் ஏறும் சிறுவனுக்கும் இதே கணக்குத்தான். ஆனால் அவனுக்கு அடியில் குதிரையின் முதுகே அசைகிறது. சவாரி முகாம்களில் குழந்தைகளைத் தேர்ச்சிக்கு ஏற்பப் பிரிப்பது இதனால்தான். புதியவர்களுக்கு நடை மட்டும். பயிற்சியாளர் நீண்ட கயிற்றைப் பிடித்திருப்பார். நடையில் நான்கு குளம்புகளும் ஒவ்வொன்றாக ஊன்றுவதால் முதுகு மெல்லத்தான் ஆடும்.

அடுத்தது 'டிராட்' என்னும் ஓட்டம். முன் இடக்காலும் பின் வலக்காலும் ஒன்றாக ஊன்றும். பிறகு மற்ற இரண்டும். ஒவ்வோர் ஊன்றலுக்கும் முதுகு மேலே தூக்கிப் போடும். பயந்த பையன் கடிவாளத்தைப் பற்றித் தொங்குவான். வாய் வலித்த குதிரை தலையை உதறும். அப்போது விழவும் கூடும். பழகியவனோ அங்கவடியில் காலை ஊன்றி, ஒரு தாளத்துக்கு எழுந்து மறு தாளத்துக்கு உட்காருகிறான். அது கைவந்த பிறகே மூன்று தாளமுள்ள பாய்ச்சல்.

பொய்க்கால் குதிரைக்காரருக்கு ஒரு சௌகரியம்: அவர் கடிவாளத்தை எப்படி இழுத்தாலும் குதிரைக்கு வாய் வலிக்காது!