தொழில்முறைக் கால்பந்தில் மனவுறுதியும் ஆண்மையும்

முன்னுரை

தொழில்முறைக் கால்பந்தில் ஆட்டத்திறன், வேகம், உடல்வலிமை ஆகியவற்றோடு மனவுறுதியும் ஆட்டக்காரரை மதிப்பிடும் அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. இச்சொல்லுக்கு உளவியலார் தரும் பொருள் ஒன்று. ஆடுகளத்திலும் பார்வையாளரிடத்தும் வழங்கும் பொருள் மற்றொன்று. இவ்விரண்டிற்கும் இடையே ஆண்மை பற்றிய மரபான எதிர்பார்ப்புகள் நுழைவதை, இங்கிலாந்து, ஜெர்மனி ஆகிய நாடுகளின் கால்பந்து வரலாற்றுச் சான்றுகள்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

மனவுறுதி: வரையறையும் வழக்கும்

பீட்டர் கிளஃப் உள்ளிட்டோர் 2002இல் மனவுறுதியைக் கட்டுப்பாடு, ஈடுபாடு, அறைகூவலை ஏற்றல், தன்னம்பிக்கை என நான்கு கூறுகளாக வகுத்தனர். இவ்வகைப்பாட்டில் ஆண், பெண் என்ற வேறுபாடு இல்லை. ஆயினும் கட்டுப்பாடு என்னும் கூற்றில் உணர்ச்சிக் கட்டுப்பாடும் அடங்கும். உணர்ச்சியை ஆளுதல் வேறு, மறைத்தல் வேறு. ஆனால் புறத்தே இருந்து நோக்குவோருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

ஒரு சமூகத்தில் உயர்ந்ததாக ஏற்கப்பட்டு, பிற ஆண்மை வடிவங்களையும் பெண்மையையும் கீழ்நிலையில் நிறுத்தும் வடிவத்தை ரேவின் கானல் ‘மேலாதிக்க ஆண்மை’ என்றார். கால்பந்தில் அவ்வடிவம் வலியைப் பொறுத்தலையும் அச்சத்தை வெளிக்காட்டாமையையும் போற்றுகிறது. எனவே மறைத்தலே உறுதி எனக் கொள்ளும் நிலை உருவாகிறது.

வலியும் பெருமையும்

1956ஆம் ஆண்டு எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் மான்செஸ்டர் சிட்டியின் இலக்குக் காவலர் பெர்ட் டிராட்மன் கழுத்தெலும்பு முறிந்த நிலையிலும் ஆட்டம் முடியும்வரை களத்தில் நின்றார். முறிவு சில நாள்களுக்குப் பின்னரே ஊடுகதிர்ப் படத்தில் தெரியவந்தது. 1989இல் ஸ்வீடனுக்கு எதிரான தகுதிச்சுற்று ஆட்டத்தில் இங்கிலாந்தின் டெரி புட்சர் தலைக்கட்டுடன் ஆட, அவரது வெண்ணிறச் சட்டை குருதியால் சிவந்தது. இரு நிகழ்வுகளும் வீரத்தின் அடையாளங்களாக இன்றும் நினைவுகூரப்படுகின்றன.

இங்கு ஒரு செய்தி கருதத்தக்கது. 1956இல் மாற்று ஆட்டக்காரரை இறக்க விதி இடம் தரவில்லை. இங்கிலாந்து லீக் ஆட்டங்களில் அவ்வாய்ப்பு 1965இல்தான் வந்தது. டிராட்மன் வெளியேறியிருந்தால் அணி பத்துப் பேருடன் ஆடியிருக்கும். விதியின் நெருக்கடியும் சேர்ந்து விளைவித்த செயல், தனிமனிதரின் ஆண்மைக்குச் சான்றாக மட்டுமே பின்னர் வாசிக்கப்பட்டது.

மறைத்தலின் விலை

உடல்வலிக்கு வெளிப்படையான அடையாளம் உண்டு. மனநோய்க்கு அது இல்லை. ஹனோவர் 96 அணியின் இலக்குக் காவலர் ராபர்ட் என்கே 2009 நவம்பர் 10 அன்று, 32ஆம் வயதில், தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் பல ஆண்டுகளாக மனச்சோர்வு நோய்க்குச் சிகிச்சை பெற்றதை அவருடைய மனைவியும் மருத்துவரும் மறுநாளே வெளியிட்டனர். ஜெர்மன் தேசிய அணியில் இடம்பெறும் அளவிற்கு அழுத்தத்தைத் தாங்கியவர் அவர். ஆகவே மனவுறுதியின்மை அவரது சிக்கல் என்று கூறுவதற்கில்லை. நோயை வெளியிட இயலாதவாறு செய்த எதிர்பார்ப்பே இங்கு வினாவிற்குரியது.

வெளியிட்டவர்க்கு நேர்வதைப் பெர் மெர்டசாக்கரின் பட்டறிவு காட்டுகிறது. உலகக்கோப்பை வென்ற அவர், ஆட்டத்திற்கு முன் தமக்கு ஏற்பட்ட குமட்டலையும் அழுத்தத்தையும் 2018இல் ‘டெர் ஷ்பீகல்’ இதழில் விவரித்தார். முன்னாள் அணித்தலைவர் லோதர் மத்தேயஸ் அதனை வெளிப்படையாகக் குறைகூறினார். நூற்றுக்கும் மேற்பட்ட பன்னாட்டு ஆட்டங்களில் அந்த அழுத்தத்தைத் தாங்கி ஆடியவரின் உறுதி, அதைச் சொல்லிய பின்னர் ஐயத்திற்குள்ளானது. மெர்டசாக்கர் அதே ஆண்டில் ஆர்சனல் இளையோர் பயிற்சிக்கூடத்தின் பொறுப்பை ஏற்றார் என்பது மாற்றத்தின் அறிகுறியும் ஆகும்.

விதியின் பங்கு

பிரீமியர் லீக் 2021 பிப்ரவரியில் மூளை அதிர்வுக்கான மாற்று ஆட்டக்காரர் முறையைச் சோதனையாகத் தொடங்கியது. தலையில் அடிபட்டவர் தொடர்ந்து ஆடலாமா என்பதை அணி மருத்துவரே முடிவு செய்கிறார். ஆட்டக்காரர் தம் வலியை ஒப்புக்கொண்டு ‘தோற்க’ வேண்டிய தேவை இதனால் குறைகிறது. மனநலத்திற்கு இத்தகைய நடைமுறை எளிதில் அமைவதில்லை. அங்கு இன்னமும் ஆட்டக்காரரே முதற்சொல்லைச் சொல்ல வேண்டியுள்ளது.

முடிவுரை

மனவுறுதி என்னும் கருத்தாக்கம் இயல்பிலேயே ஆண்மையோடு பிணைந்தது அன்று. கால்பந்தின் வழக்கே அப்பிணைப்பை உண்டாக்கியது. மனவுறுதியை அளக்கும் ஆய்வுகள் தாங்குதலையும் மறைத்தலையும் பிரித்தறியாவிடில், நோயுற்றவரின் மௌனமும் உயர்ந்த மதிப்பெண்ணாகவே பதிவாகும். ஆட்டக்காரர்களின் கருத்துகளைத் திரட்டும் ஆய்வாளர், ‘உறுதியானவர் யார்?’ என்பதோடு, ‘உதவி கேட்டவரை அணி எவ்வாறு நோக்கியது?’ என்பதையும் வினவுதல் வேண்டும்.