கோழிக்குச் சொல்லும் வானிலை கூலியாளுக்கும் வேண்டும்

ஏப்ரல் 20-ஆம் தேதியை ஒட்டிய நாட்களில் சேலத்தில் சூரியன் நேராக உச்சந்தலைக்கு மேல் வந்து நிற்கிறது. பகல் 12.15 மணி அளவில், செங்குத்தாக நட்ட குச்சிக்கு நிழலே விழாது. கடக ரேகைக்குத் தெற்கே உள்ள எல்லா இந்திய ஊர்களையும் போல இங்கும் ஆண்டுக்கு இரண்டு முறை இது நடக்கும். இரண்டாம் முறை வருவது ஆகஸ்ட் 22-ஐ ஒட்டி. அப்போது தென்மேற்குப் பருவக்காற்றின் மேகம் குடை பிடிக்கும். ஏப்ரலில் அந்தக் குடை இல்லை. சேலம் செவ்வாய்ப்பேட்டையின் லீ பஜார் சந்தையில் லாரியிலிருந்து மூட்டை இறக்குகிறவர்மேல் அந்த வெயில் முழுதாக விழுகிறது.

பஞ்சாங்கப்படி அக்னி நட்சத்திரம், அதாவது கத்திரி வெயில், தொடங்குவது மே 4-ஐ ஒட்டி. சேலத்துக்கோ அதற்கு முன்பே உச்சம் வந்துவிடுவது உண்டு. 2024-இல் ஏப்ரல் முடிவதற்குள்ளேயே இங்கே வெப்பம் 41 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. ஈரோடும் கரூர் பரமத்தியும் அதையும் விஞ்சின. கத்திரி பிறந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று தண்ணீர்ப் பந்தலைத் தள்ளிப்போடுவதில் அர்த்தமில்லை. மார்ச் கடைசியிலேயே பந்தல் வேண்டும்.

இந்த ஊர் ஏன் இப்படிக் காய்கிறது என்பதைச் சுற்றியுள்ள மலைகளைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம். வடக்கே சேர்வராயன், அதற்கு முன்னால் நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. நடுவே கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் சேலம். சென்னைக்குப் பிற்பகலில் கடற்காற்று வருகிறது. சேலத்துக்கு அது எட்டுவதில்லை. மேற்கிலிருந்து வரும் காற்றும் ஈரத்தை மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தப் பக்கமே உதறிவிட்டுத்தான் இறங்குகிறது. இறங்கும் காற்று அழுத்தப்பட்டுச் சூடாகும். ஈரமற்ற காற்று ஒவ்வொரு நூறு மீட்டர் இறங்கும்போதும் ஏறக்குறைய ஒரு டிகிரி சூடேறும். கோவை சுமார் 400 மீட்டர் உயரத்தில், பாலக்காட்டுக் கணவாயின் வாசலில் இருப்பதால் தப்பிக்கிறது. காவிரியை ஒட்டி இன்னும் தாழ்வாகக் கிடக்கும் ஈரோடும் கரூரும் சேலத்தைவிட அதிகம் வேகின்றன. ஏற்காடு இங்கிருந்து முப்பது கிலோமீட்டர்தான், ஆனால் 1,500 மீட்டர் உயரம். அந்த உயரமே ஏழெட்டு டிகிரியைக் குறைத்துவிடுகிறது.

பாலைவன ஊர்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் பயன் தரும். ராஜஸ்தானின் பலோடியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவானது. இந்தியாவில் பதிவானவற்றில் அதுவே உச்சம். நம் ஊர் அந்த உயரத்துக்குப் போவதில்லை. நமக்குக் கோடைப் பகல் பன்னிரண்டரை மணி நேரம்தான், அங்கே இன்னும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் அதிகம். நமக்கு மே மாதத்தில் இடிமழை உண்டு, மண்ணில் கொஞ்சம் ஈரம் உண்டு. அந்த ஈரம் உச்ச வெப்பத்தைக் குறைக்கிறது, ஆனால் உடம்பின் துன்பத்தைக் குறைப்பதில்லை. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். காற்றில் ஈரம் கூடக்கூட ஆவியாவது தடைபடும். ஈரமுள்ள காற்றில் 39 டிகிரி, உலர்ந்த காற்றின் 42 டிகிரியைவிடக் கொடியதாக இருக்கலாம்.

இனி எண்களுக்கு வருவோம். ‘வெயில் சதம் அடித்தது’ என்று நாளிதழ்கள் எழுதுவது பாரன்ஹீட் கணக்கு. நூறு பாரன்ஹீட் என்றால் 37.8 செல்சியஸ். ஏப்ரல், மே மாதங்களில் சேலத்தின் வழக்கமான பகல் உச்சமே அதை ஒட்டித்தான் இருக்கிறது. ஆகவே சதம் என்பது இங்கே ஒரு சாதாரணக் கோடை நாள். நாம் கண் வைக்க வேண்டியது 104-இன் மேல், அதாவது 40 செல்சியஸ்.

அப்போதும் ‘வெப்ப அலை’ என்ற அறிவிப்பு வந்துவிடாது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் விதிப்படி சமவெளியில் உச்ச வெப்பம் 40 டிகிரியை எட்டவும் வேண்டும், அந்த நாளின் இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்கவும் வேண்டும். 45 டிகிரியைத் தொட்டுவிட்டால் மட்டும் இயல்பைப் பார்க்காமலே வெப்ப அலை என்பார்கள். அதுவும் ஒரே வானிலை உட்பிரிவில் குறைந்தது இரண்டு நிலையங்களில், அடுத்தடுத்து இரண்டு நாள் நீடிக்க வேண்டும். சேலத்தின் இயல்பு 38 என்று வைத்துக்கொண்டால், 42.5 ஆனால்தான் அந்த நிபந்தனை நிறைவேறும். ஒரு வாரம் முழுக்க 41.5 டிகிரி கொளுத்தினாலும் ஏட்டில் வெப்ப அலை இல்லை. வெயிலுக்குப் பழகிய ஊருக்கு விதியே எதிராக நிற்கிறது. அறிவிப்பு வரவில்லை என்பதால் ஆபத்து இல்லை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

அந்த எண்ணை எங்கே அளக்கிறார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வெள்ளை வண்ணம் பூசிய, காற்றோட்டமுள்ள மரக்கூண்டுக்குள், தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவாக, திறந்தவெளியில் தெர்மாமீட்டர் இருக்கும். ஸ்டீவன்சன் கூண்டு என்பார்கள். அது நிழலின் வெப்பம். தகரக் கூரைக்கும் தார் ரோட்டுக்கும் நடுவே நிற்பவருக்கு அந்த எண் பொருந்தாது. செய்தியில் 40 என்றால் மண்டியின் கூரைக்கடியில் அதைவிடக் கூடுதல் என்றே கொள்ள வேண்டும்.

செவ்வாய்ப்பேட்டையின் வேலைகளை எடுத்துப் பாருங்கள். அரிசி, பருப்பு, வெல்லம் என்று மண்டிகளில் மூட்டை ஏற்றுவதும் இறக்குவதும் ஒரு பக்கம். பளு தூக்கும் உடல் தானே வெப்பத்தை உண்டாக்கும் உடல். வெளிச்சூடு அதன்மேல் வந்து சேர்கிறது. இன்னொரு பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள். உருக்கும் அடுப்பு ஒருபுறம் எரிய, கொலுசின் கண்ணிகளைப் பற்றவைக்கும் நேரத்தில் சுடர் அலையக் கூடாது என்பதால் மின்விசிறியையும் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். தெருவில் 40 என்றால் அந்தச் சிறிய அறைக்குள் எவ்வளவு என்று எந்த வானிலை அறிக்கையும் சொல்வதில்லை. வெப்பம் என்றாலே வெட்டவெளி வேலை என்று நினைக்கும் பழக்கத்தால் பட்டறைக்காரர் கணக்கிலேயே வராமல் போகிறார்.

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழுவினர் தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களிடம் நடத்திய ஆய்வு, இடைவிடாத வெப்பமும் நீர்க்குறைவும் சிறுநீரகத்தைப் பாதிப்பதைக் கவனத்துக்குக் கொண்டுவந்தது. மயங்கி விழுவது கண்ணுக்குத் தெரியும். ஆண்டுக்கணக்கில் சிறுநீரகம் தேய்வது தெரிவதில்லை. கழிப்பறை இல்லாத இடத்தில் வேலை செய்யும் பெண்கள், வேண்டுமென்றே தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். ‘நிறையத் தண்ணீர் குடியுங்கள்’ என்று அறிக்கை விடும் அதிகாரிகள், அந்தப் பெண்கள் எங்கே ஒதுங்குவார்கள் என்பதற்கும் பதில் வைத்திருக்க வேண்டும்.

இரவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பகலில் வாங்கிய சூட்டைக் காங்கிரீட்டும் தார் ரோடும் இரவெல்லாம் வெளியே விடுகின்றன. நெருக்கமான தெருக்களில் அந்தச் சூடு மேலே போக வழியில்லாமல் தங்குகிறது. மரமும் நீரும் இருந்தால் கொஞ்சமாவது தணியும். மூக்கனேரியை ஊர்மக்கள் மீட்டெடுத்தார்கள். செவ்வாய்ப்பேட்டையை ஒட்டி ஓடும் திருமணிமுத்தாறோ சாக்கடையாகக் கிடக்கிறது. பகலில் மூட்டை தூக்கியவருக்கு இரவுத் தூக்கம்தான் மருந்து. இரவின் குறைந்த வெப்பமே 28 டிகிரியாக இருந்தால், ஆஸ்பெஸ்டாஸ் அட்டைக்கடியில் படுப்பவரின் உடல் தேறாமலே மறுநாள் வேலைக்குப் போகிறது. வெப்பத்தால் நேரும் சாவுகளில் பல, மூன்றாம் நாள், நான்காம் நாள் நேர்வதற்கு இது முக்கியக் காரணம். நாளிதழில் பகல் உச்சத்தைக் கொட்டை எழுத்தில் போடுகிறோம். இரவுக் குறைவையும் அதே அளவில் போட வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

முன்னறிவிப்பு எவ்வளவு நம்பத்தக்கது? பிப்ரவரி இறுதியில் வானிலைத் துறை, மார்ச் முதல் மே வரையிலான கோடை இயல்பைவிடக் கூடுமா குறையுமா என்று சொல்கிறது. மார்ச் இறுதியில் ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கு அதைப் புதுப்பித்துத் தருகிறது. அது போக்கைக் காட்டுமே தவிர, எந்த நாள் எவ்வளவு என்று காட்டாது. அடுத்த மூன்று நாட்களுக்கான பகல் வெப்பக் கணிப்பைத் தாராளமாக நம்பி வேலையைத் திட்டமிடலாம். கோடை இடிமழைதான் சிக்கல். காலையில் காற்றே இல்லாமல் புழுங்கி, மதியத்துக்கு மேல் சேர்வராயன் மேல் மேகம் திரண்டால் மாலையில் மழைக்கு வாய்ப்பு உண்டு. ஆனால் அஸ்தம்பட்டியில் கொட்டும் மழை செவ்வாய்ப்பேட்டையில் ஒரு துளிகூட விழாமல் போகலாம். ‘ஓரிரு இடங்களில் மழை’ என்றால் அந்தப் பகுதியின் நிலையங்களில் கால்பங்குக்குள் மட்டும் என்று கணக்கு. அடுத்த மூன்று மணி நேரத்துக்கு ரேடாரைப் பார்த்துத் தரும் எச்சரிக்கையே மழை விஷயத்தில் கைகொடுக்கும்.

எண் வந்துவிட்டது, சரி. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இதற்கு ஐம்பது கிலோமீட்டர் தள்ளி நாமக்கல்லில் ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்திலிருந்து கோழிப் பண்ணையாளர்களுக்கென்றே வானிலை அறிக்கை வெளிவருகிறது. வரும் நாட்களின் பகல் வெப்பம், இரவு வெப்பம், ஈரப்பதம், காற்றின் திசை, வேகம் எல்லாம் அதில் இருக்கும். அத்தோடு முடியாது, அந்த வானிலையில் பண்ணையில் என்ன செய்ய வேண்டும் என்ற ஆலோசனையும் கூடவே வரும். காரணம் தெளிவு. கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. வெப்பம் கூடினால் வாயைத் திறந்து மூச்சிரைக்கும். அப்படி இரைக்கும்போது இரத்தத்திலிருந்து கரியமில வாயு அதிகம் வெளியேற, முட்டை ஓடு கட்டத் தேவையான பைகார்பனேட் குறைந்து ஓடு மெலிகிறது. தீவனம் எடுப்பதும் குறையும், முட்டை சிறுக்கும், கடும் நாட்களில் கோழிகள் சாகும். எனவே விடியற்காலையிலும் மாலையிலும் தீவனம் வைக்கிறார்கள், கூரைமேல் தென்னங்கீற்று பரப்பித் தண்ணீர் தெளிக்கிறார்கள், குடிநீரில் வைட்டமின் சி கலக்கிறார்கள். ஒரு டிகிரி ஏறினால் எத்தனை முட்டை போகும் என்று பண்ணையாளர்களுக்குத் தெரியும். அதனால்தான் அந்த அறிக்கைக்கு மதிப்பு.

அந்தப் பணியை நான் மனமாரப் பாராட்டுகிறேன். அதே அக்கறை மூட்டை தூக்குகிறவருக்கும் கிடைக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன். முட்டையின் நட்டத்துக்குக் கணக்கு இருக்கிறது. மயங்கி உட்கார்ந்துவிட்ட தொழிலாளியின் அரை நாள் கூலிக்கு எந்த ஏட்டிலும் கணக்கு இல்லை.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் இறப்பவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. நல்ல முடிவு. ஆனால் வெயிலில் விழுந்தவரின் மருத்துவச் சான்றில் மாரடைப்பு என்றே எழுதப்பட்டுவிடுவது எளிது; அந்தக் குடும்பம் எதை நீட்டி நிவாரணம் கேட்கும்? சாவுக்குப்பின் தரும் தொகையைவிட, சாவைத் தடுக்கும் ஏற்பாடு மலிவானது. அகமதாபாத் 2010-இல் கொடிய வெப்ப அலையைக் கண்டபின், 2013-இல் தெற்காசியாவின் முதல் நகர வெப்பச் செயல்திட்டத்தை வகுத்தது. எச்சரிக்கை வந்தால் எந்தத் துறை என்ன செய்யும் என்று முன்கூட்டியே எழுதிவைத்தது. குடிசைக் கூரைகளுக்கு வெள்ளையடிக்கும் பழக்கமும் அங்கே பரவியது.

வளைகுடா நாடுகளையும் பாருங்கள். குவைத்தின் மித்ரிபாவில் 2016 ஜூலையில் 53.9 டிகிரி பதிவானது. அந்நாட்டில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காலை 11 மணியிலிருந்து மாலை 4 மணிவரை வெட்டவெளி வேலைக்குத் தடை. கத்தாரில் வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்று நான்கையும் சேர்த்துக் கணக்கிடும் அளவு 32.1 டிகிரியைத் தாண்டினால் எந்த நேரமானாலும் வெளி வேலையை நிறுத்த வேண்டும். பக்கத்திலேயே, கேரளத் தொழிலாளர் துறை கோடைதோறும் வெயிலில் வேலை செய்வோருக்கு நண்பகல் 12 முதல் 3 மணிவரை ஓய்வு என்று உத்தரவிடுகிறது.

லீ பஜாரில் இது நடக்காத காரியம் அல்ல. லாரிகள் பெரும்பாலும் இரவில்தான் வந்து சேர்கின்றன. இறக்கும் வேலையை விடியற்காலை ஐந்து மணிக்குத் தொடங்கிப் பதினொன்றுக்குள் முடித்து, மீதியை நான்கு மணிக்குமேல் வைத்துக்கொள்ளலாம். மதிய ஓய்வு நேரத்துக்குக் கூலி பிடிக்கக் கூடாது என்று மண்டி உரிமையாளர்களும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து பேச வேண்டும். மாவட்ட நிர்வாகம் நடுவில் இருக்க வேண்டும். புதிதாக வேலைக்கு வந்தவருக்கு முதல் பத்து நாட்கள் பளுவைக் குறைக்க வேண்டும். உடல் வெப்பத்துக்குப் பழக ஒன்று, இரண்டு வாரமாகும். பழகாத உடலே முதலில் விழுகிறது. 40 டிகிரிக்குமேல் மின்விசிறி வெறும் அனலையே வீசும் என்பதால், உலக சுகாதார நிறுவனம் அந்த நேரத்தில் அதை நம்ப வேண்டாம் என்கிறது. ஈரத்துணியும் நிழலும் தண்ணீருமே அப்போது உதவும். பேச்சுக் குழறி, நினைவு தடுமாறினால் அது வெறும் களைப்பல்ல, வெப்ப வாதம். 108-க்குச் சொல்லிவிட்டு, வண்டி வரும்வரை உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

செவ்வாய்ப்பேட்டைக்கென ஓர் அறிக்கை வந்தால் அது இப்படி இருக்கலாம்: ‘நாளை பகல் 41, இரவு 28. மண்டிகளில் காலை 11 முதல் 4 மணிவரை ஏற்றி இறக்க வேண்டாம். பட்டறைகளில் உருக்கும் வேலையைக் காலை ஒன்பதுக்குள் முடிக்கவும். ஒவ்வொரு அரை மணிக்கும் ஒரு குவளை தண்ணீர், உப்பு சர்க்கரைக் கரைசல் மண்டி வாசலில் கிடைக்கும். பெண்களுக்கான கழிப்பறை இரவு எட்டு மணிவரை திறந்திருக்கும். மாலையில் ஓரிரு இடங்களில் இடிமழை. வெளியே அடுக்கிய மூட்டைகளுக்குத் தார்ப்பாய் போடவும்.’ இதற்குத் தேவையான கணிப்பு முழுவதும் வானிலைத் துறையிடம் இப்போதே இருக்கிறது. மாநகராட்சி நினைத்தால் வரும் மார்ச்சிலேயே தொடங்கலாம்.